கைடு வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா?



அரையாண்டுத் தேர்வு முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில், ஆம்பூர் பஜாரிலோ வாணியம்பாடியிலோ வேலூரிலோ ஏதேனும் ஒரு புத்தகக் கடையின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். மாலையில் ஷிப்டு முடிந்து டேனரியிலிருந்து நேராக வரும் தகப்பன்மார்கள், ஷூ கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி வரும் தாய்மார்கள், கையில் சீட்டோடு வரும் பிள்ளைகள் என்று கூட்டம் நிற்கும். 'உரைநூல்' என்று நான் எழுதினால் உங்களுக்கு விளங்கும். ஆனால் கடையில் எவரும் அப்படிக் கேட்பதில்லை. "டென்த் இங்கிலீஷ் கைடு ஒண்ணு கொடுங்க" என்பதுதான் அங்கே ஒலிக்கும் குரல். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பாடநூல் விலையின்றிக் கிடைக்கிறது. கைடுக்கோ நம் பையிலிருந்து பணம் போகிறது. பணம் கொடுத்து வாங்கியது எதுவோ அதுவே மதிப்புள்ளது என்று பிள்ளையும் எண்ணிக்கொள்கிறது. பாடநூல் பையின் அடியில் புதிது கலையாமல் கிடக்க, கைடு ஓரம் கிழிந்து அட்டை பிய்ந்து போகிறது.

இது பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது 2023-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆம்பூரில் என் தங்கை வீட்டில்.

தங்கை மகள் அப்போது பத்தாம் வகுப்பு. என்னைக் கண்டதும், "மாமு, இங்கிலீஷ்ல கேளுங்க" என்று கைடை நீட்டினாள். 2019-இல் வெளிவந்த தமிழகப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதிய 'தி லாஸ்ட் லெஸன்' என்னும் கதை இடம்பெற்றிருந்தது. அதிலிருந்து ஒரு வினாவைக் கேட்டேன். ஆசிரியர் ஹாமெல் அன்று ஏன் தம் சிறப்பு உடையை அணிந்து வந்தார்? மூச்சு விடாமல் நான்கு வாக்கியங்கள் ஒப்பித்தாள். ஒரு பிழையும் இல்லை. அடுத்து, கைடில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்: அந்தப் பையன் பள்ளிக்கு வரும் வழியில் எதைப் பார்த்தான்? அவள் விழித்தாள். "பாடத்துல அதெல்லாம் வருதா மாமு?" என்றாள்.

வருகிறது. கதையின் தொடக்கமே அதுதான். காட்டோரத்தில் பறவைகள் கூவுகின்றன, வெளியில் வெயில் இதமாக அடிக்கிறது, திறந்த வெளியில் பிரஷ்யப் படைவீரர்கள் பயிற்சி செய்கிறார்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, இலக்கணப் பாடமும் படிக்கவில்லை, இன்று போகாமலே இருந்துவிடலாமா என்று பையனின் மனம் ஊசலாடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த ஊசலாட்டத்தை அறியாதவர் உண்டா? அதை அறிந்த பிள்ளைக்காகத்தான் அந்தக் கதையே எழுதப்பட்டது. என் தங்கை மகளோ கதையைப் படிக்காமலே கதைக்கு விடை எழுதக் கற்றிருந்தாள்.

அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. கைடையும் நான் பழிக்கப் போவதில்லை. உரை என்பது நமக்கு அந்நியமானதா என்ன? திருக்குறளைப் பரிமேலழகர் வழியாகத்தான் பல தலைமுறைகள் அறிந்தன. உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்குக் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் உரை எழுதினார். மதரஸாக்களிலும் ஒரு நூலும் அதன் விரிவுரையும் சேர்ந்தே ஓதப்படுகின்றன. பள்ளி மாணவருக்கான உரையிலும், ஐயம்பெருமாள் கோனார் எழுத பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட தமிழ் உரை எத்தனை வீடுகளில் வீட்டு ஆசிரியராகவே இருந்திருக்கிறது! அவர் பெயரே அந்த வகைப் புத்தகத்துக்குப் பெயராகிவிட்டது. ஆனால் பழைய உரைநூல் ஒன்றை எடுத்து அட்டையைப் பாருங்கள். 'மூலமும் உரையும்' என்று அச்சிட்டிருக்கும். முதலில் பாட்டு, அதன் கீழே பொருள். மூலத்தைத் தாண்டாமல் உரைக்குப் போக வழியே கிடையாது. நம் பிள்ளைகள் கையிலுள்ள ஆங்கிலக் கைடுகள் பலவற்றில் மூலம் இல்லை. கதைச் சுருக்கம், சொற்பொருள், வினா, விடை, அவ்வளவே. மூலம் வேறொரு புத்தகத்தில், பையின் அடியில்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் ஜாக் கோல் என்னும் புத்தகக் கடைக்காரர் 1948-இல் மாணவர்களுக்கான 'கோல்ஸ் நோட்ஸ்' வரிசையைத் தொடங்கினார். அவரிடமிருந்து உரிமை பெற்று, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்பவர் 1958-இல் ஷேக்ஸ்பியரின் பதினாறு நாடகங்களுக்கு நோட்ஸ் வெளியிட்டார். அதுவே 'கிளிஃப்ஸ் நோட்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியது. அவர் தம் வெளியீடுகளில் வாசகருக்கு ஒரு குறிப்பும் அச்சிட்டு வந்தார்: இது மூல நூலுக்கு மாற்றாகாது என்பது அதன் கருத்து. விற்பவரே சொன்ன எச்சரிக்கையை எத்தனை மாணவர்கள் பொருட்படுத்தினார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மாறான ஒன்றும் உண்டு. 1807-இல் லண்டனில் சார்லஸ் லாம், அவருடைய சகோதரி மேரி லாம் இருவரும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இளையோருக்கான கதைகளாக உரைநடையில் எழுதி வெளியிட்டார்கள். நாம் பேசும் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் 'தி டெம்பெஸ்ட்' நாடகம் கதை வடிவில் துணைப்பாடமாக இருந்தது. லாம் நூலில் அந்தக் கதையை எழுதியவர் மேரி. நூலின் பெரும்பகுதியே அவர் எழுதியதுதான். ஆனால் முதற்பதிப்பின் முகப்பில் சகோதரர் பெயர் மட்டுமே இருந்தது! அந்நூலின் முன்னுரை படிக்கத் தக்கது. ஆண்பிள்ளைகள் தகப்பனாரின் புத்தக அலமாரியைச் சிறு வயதிலேயே தொட அனுமதி பெற்றுவிடுகிறார்கள், பெண்பிள்ளைகளுக்கு அது தாமதமாகிறது, ஆகவே முக்கியமாகப் பெண்பிள்ளைகளை எண்ணியே இதை எழுதினோம் என்கிறது அது. கடினமான இடங்களைச் சகோதரர்கள் சகோதரிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறது. இதுவும் ஒரு கைடுதானே? ஆனால் இதைப் படித்த பிள்ளை பின்னொரு நாள் நாடகத்தையே எடுத்துப் படிக்க வேண்டும் என்பதே எழுதியவர்களின் விருப்பம். வாசற்படிக்கு அழைத்துச் சென்று கதவைத் திறந்துவிடும் உரை ஒன்று. வாசலிலேயே உட்காரவைத்துத் தின்பண்டம் கொடுத்துத் திருப்பி அனுப்பும் உரை இன்னொன்று. நாம் பணம் கொடுத்து வாங்குவது எதை என்று பார்க்க வேண்டாமா?

"மார்க் வருகிறதே, பிறகென்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவுக்கு வருகிறது என்று கணக்குப் பார்ப்போம். 2019–20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்களும் ஒன்றாக்கப்பட்டு 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளானது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணில் எழுத வேண்டியவை 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2 என அந்தத் தாள் அமைந்தது. இவற்றில் உரைநடை, செய்யுள் வினாக்களுக்குக் கைடு விடை உதவும். மனப்பாடச் செய்யுளுக்குக் கைடே தேவையில்லை. அது பாடநூலில் இருக்கிறது. ஆனால் முன்பின் பாராத ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் வினாக்களுக்கு 8 மதிப்பெண். கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது ஆகியவற்றில் அன்றைக்கு என்ன வரும் என்று எந்தக் கைடும் சொல்ல முடியாது.

படத்தைப் பார்த்து எழுதும் வினாவுக்குப் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கும் தந்திரம் உங்களுக்குத் தெரியுமோ? எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஐந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இது அழகான படம், எனக்கு இது பிடித்திருக்கிறது, இதில் வண்ணங்கள் இருக்கின்றன என்கிற மாதிரி. வினாத்தாளில் அச்சாவது கறுப்பு வெள்ளைப் படம்!

இன்னொன்று, வழி சொல்லும் வரைபட வினா. அறிமுகமில்லாத ஒருவர் மருத்துவமனைக்கோ நூலகத்துக்கோ வழி கேட்கிறார், சிறு வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். இரண்டு மதிப்பெண். ஆம்பூரின் சந்து பொந்தெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்து வரும் பிள்ளை, அயலூரார் ஒருவர் பள்ளிவாசலுக்கு வழி கேட்டால் நின்று நிதானமாகச் சொல்லித் தரும் பிள்ளை, இதற்கும் கைடிலுள்ள நான்கு வாக்கியங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போகிறது. வரைபடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், நெட்டுருப் போட்டது வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தையே தனக்குத் தெரியாது என்று நம்பவைத்துவிட்டோம்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு வருவதையும் எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களின் பிழைப்பு தோல். செருப்பும் ஷூவும் கையுறையும் கடல் கடந்து போகின்றன, வாங்குகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன். ஒரு கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தான். சரக்கு ஒரு வாரம் தாமதமாகும் என்று வாங்குகிறவருக்கு நான்கு வரி எழுதச் சொன்னார்கள். காலையில் உட்கார்ந்தவன் பகல் உணவு வரை எழுதவில்லை. "இதற்கு மாதிரி ஏதாவது இருக்கிறதா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டானாம். அவன் மூளை குறைந்தவன் அல்லன். தன் சொல்லில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கும் சந்தர்ப்பத்தை அவனுக்குப் பத்து ஆண்டுகளில் யாரும் கொடுக்கவில்லை. தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கொண்டு நம் முன்னோர் இப்பகுதியில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. மேல்விஷாரத்துக் கல்லூரி 1965-இல், சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால். அவ்வளவு பொருளையும் உழைப்பையும் அவர்கள் செலவிட்டது ஒப்பிப்பதற்காக அல்லவே.

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கைடு இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்குப் பாடம் அடியோடு விளங்காது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லை. வகுப்பில் கூட்டம் அதிகம். உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கோ இரட்டைச் சுமை: கைடில் ஆங்கிலச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் தமிழ்ப் பொருளே அதற்கு இன்னொரு பாடம். ஆகவே கைடைப் பிடுங்கி எறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் பாடநூல், கடைசியில் கைடு.

அன்று என் தங்கை வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். கைடை அலமாரி மேல் வைத்தோம். பிள்ளை பாடநூலைத் திறந்து ஒரு பக்கம் உரக்கப் படித்தாள். படித்ததைத் தமிழில் அவள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். தெரியாத சொல்லில் நிற்கக் கூடாது, ஊகித்துச் செல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று சொற்களை மட்டும் அகராதியில் பார்க்கலாம். என் தங்கைக்கு ஆங்கிலம் தெரியாது. "பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்கத் தெரியும். தாய்மார்களே, அந்த ஒரு கேள்வி போதும். அதே பாடநூலில் முதல் உரைநடைப் பாடமாக லியாம் ஓ'ஃப்ளஹர்டியின் கடற்பறவைக் கதை இருந்தது. பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் நிற்கும் குஞ்சுக்குத் தாய்ப்பறவை மீனைக் கொண்டுவருகிறது. கொண்டுவந்து வாயில் ஊட்டுவதில்லை. எட்டும் எட்டாத தூரத்தில் நிற்கிறது.

தலைப்பிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 'லாஸ்ட்' என்றால் என்ன என்று கேட்டபோது பிள்ளை சொல்வதற்கு முன் மச்சான் சொன்னார்: "கால் அச்சு." அவர் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறவர். கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்து இறுக்கும் வேலை. 'கடைசி' என்று பிள்ளை திருத்தினாள். இருவர் சொன்னதும் சரிதான், எழுத்தும் ஒன்றுதான், சொல் மட்டும் வேறு வேறு என்றேன். அதன்பின் மச்சானை நிறுத்த முடியவில்லை. 'ஹைட்' என்றால் கைடில் 'மறைத்தல்'. நம் ஊரில் மாட்டுத் தோல். ஆட்டுத் தோலானால் 'ஸ்கின்'. 'கிரெய்ன்' என்றால் கைடில் 'தானியம்'. டேனரியில் தோலின் மேற்பரப்பு. 'கிரஸ்ட்' அகராதியில் ரொட்டியின் மேலோடு. இங்கே பதனிட்டு உலர்த்தி, ஃபினிஷிங்குக்குக் காத்திருக்கும் தோல். பள்ளி வாசலை ஆறாம் வகுப்போடு மறந்த மனிதருக்கு இத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்பது அன்றுவரை அவர் மகளுக்கே தெரியாது. அகராதி பார்க்கும் பொறுப்பை அவள் அத்தாவிடமே கொடுத்துவிட்டாள்.

கதை நகர்ந்தது. 1870–71 போரில் பிரெஞ்சு நாடு தோற்றது. அல்சேஸ், லொரெய்ன் பகுதிகள் ஜெர்மானியர் கைக்குப் போயின. இனிப் பள்ளிகளில் ஜெர்மன் மட்டுமே கற்பிக்கப்படும் என்று பெர்லினிலிருந்து ஆணை வந்துவிட்டது. அதுதான் கடைசிப் பிரெஞ்சு வகுப்பு. பின் வரிசைகளில் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளைப் போல வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஹௌசர் என்னும் முதியவர் தம் பழைய அரிச்சுவடியை மடியில் விரித்து வைத்திருக்கிறார். இந்த முதியவரைப் பற்றிச் சொன்னபோது என் தங்கை அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிறகு அந்த இடம் வந்தது. ஆசிரியர் ஹாமெல் பையனைக் கடிந்துகொள்ளவில்லை. குற்றம் உன்னுடையது மட்டுமன்று என்கிறார். நாலு காசு கூடக் கிடைக்கும் என்று பிள்ளைகளை வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பிய பெற்றோர் மீதும் குற்றம் உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாணவர்களை அனுப்பிய, மீன்பிடிக்கப் போகும் நாளில் விடுமுறை விட்ட தம் மீதும் குற்றம் உண்டு என்கிறார். பிள்ளை இதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், 'ஆலை' என்ற சொல்லில் சற்று நின்றாள். என் தங்கை எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினான்கு வயதில் ஷூ கம்பெனிக்கு அப்பர் தைக்கப் போனாள். அனுப்பியது எங்கள் அத்தா. தடுக்காமல் இருந்தவன் நான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எவரும் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "மேலே சொல்லு" என்றாள் தங்கை.

முடித்ததும் கதையை ஐந்து வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள். இரண்டில் பிழை இருந்தது. கால வழுவும் எழுத்துப் பிழையும். அதன் பிறகே கைடை இறக்கினோம். இம்முறை அவள் அதைப் படித்த விதம் வேறு. "இது சரியில்லை மாமு, பெரியவர் புஸ்தகம் கொண்டுவந்ததை விட்டுட்டாங்க" என்றாள். பிறகு தன் வாக்கியத்தின் பிழையைக் கைடைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டாள். அதற்குத்தான் கைடு.

எழுந்திருக்கப் போன நேரத்தில் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த ஊர்ப் பசங்க வீட்ல என்ன பாஷை பேசுவாங்க?"

எந்தக் கைடிலும் நான் பார்த்திராத கேள்வி. உள்ளதைச் சொன்னேன். அல்சேஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் இனத்தைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. பிரெஞ்சு அவர்களுக்குப் பள்ளியிலும் அரசிலும் பழகிய மொழி. தோதே கதையில் அதைச் சொல்லவில்லை. அவள் யோசித்தாள். எதிர்வீட்டுத் தோழி உருது வழிப் பள்ளியில் படிக்கிறவள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி முதல் அணி மாணவர்கள் 2016-இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தபோது, சிறுபான்மை மொழி மாணவர்களுக்குத் தமிழ்த் தாளிலிருந்து உயர் நீதிமன்றம் விலக்களித்தது. அதுபற்றிய பேச்செல்லாம் அந்தத் தெருவில் அவள் சிறு வயதிலிருந்து கேட்டவைதான்.

"அப்போ அந்த வாத்தியாருக்கு அழுகை வந்தது சரிதான். ஆனா பசங்களுக்கும் வந்திருக்குமா?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் அந்தக் கேள்வியை எழுதி வைக்கச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கை அடுப்படியிலிருந்து கேட்டாள்: "நாளைக்கு எந்தக் கதைடீ?"